டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னம்: அப்பாவோடு போய் வந்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இடத்துக்கு டூர் வேனில் போகாதீர்கள். நாங்கள் போன வேன்காரர், "நாற்பது நிமிஷம்தான், அடுத்து செங்கோட்டை" என்று சொல்லி இறக்கிவிட்டார். அந்த நாற்பது நிமிடத்தில் அப்பா ஒரு சுவரைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. மறுநாள் செங்கோட்டையும் வேண்டாம், குதுப்மினாரும் வேண்டாம் என்று நானும் அப்பாவும் மட்டும் ஆட்டோ பிடித்து மறுபடி போனோம். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது நாளைப் பற்றியது.

எங்களுக்கு வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரியில் இருக்கிற ஊர். அப்பா ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர், இப்போது 71 வயது. 1987-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அதைப் பற்றி வீட்டில் பேசியதே கிடையாது. யாராவது கேட்டால் "ஸ்ரீலங்கா டூட்டி பார்த்தேன்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இந்தியா கேட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது இந்த நினைவுச் சின்னம். கட்டணம் எதுவும் இல்லை. 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். வெளியே ரக்ஷக் சக்கரம், அதாவது காவலர்கள் போல வரிசையாக நிற்கும் மரங்கள். அடுத்தது தியாக சக்கரம். அதற்குள்ளே வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் உள்ள வீரதா சக்கரம். நடுவில் தூணும் அணையா விளக்கும் கொண்ட அமர் சக்கரம்.

தியாக சக்கரத்தில்தான் நேரம் போகும். சக்கரவியூகம் மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிற சுவர்கள். ஒவ்வொரு கருங்கல்லிலும் ஒரு பெயர், தங்க நிற எழுத்தில். திறந்தபோதே 25,942 பெயர்கள் இருந்தன. எங்கே போய்த் தேடுவது என்று மலைக்க வேண்டாம், டிஜிட்டல் திரையில் பெயரைப் போட்டால் எந்த இடம் என்று காட்டிவிடும். அப்பாவோடு பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பர் ஒருவர் அந்த நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். அவருடைய கல்லைக் கண்டுபிடித்ததும் அப்பா பெயரை வாசிக்கவில்லை. அவருடைய ஆர்மி நம்பரைத்தான் சொன்னார், கடைசி இலக்கம் வரை, கடகடவென்று. முப்பத்தேழு வருஷம் கழித்து! அப்புறம் ஆள்காட்டி விரலை முதல் எழுத்தில் வைத்து மெதுவாகக் கடைசி எழுத்து வரை கொண்டுபோனார். வெயிலில் கல் கொதித்தது. விரலை எடுக்கவே இல்லை.

அங்கிருந்து பரம் யோதா ஸ்தல் போனோம். டூர் கூட்டம் இதைப் பார்க்காமலே போய்விடுகிறது. போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேருக்கும் இங்கே மார்பளவு வெண்கலச் சிலைகள் உண்டு. முதல் பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவில் தொடங்கி கார்கில் வீரர்கள் வரை எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா நின்றது மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலைக்கு முன்னால்.

இவரை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1946 செப்டம்பர் 13 அன்று மும்பையில் பிறந்த தமிழர். எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர். சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்து 1972-இல் மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். முதலில் அதன் 15-ஆவது பட்டாலியன் (15 மகார்), பிறகு 8 மகார். சிப்பாய்களுக்கு அவர் 'பாரி சாஹிப்'. இலங்கைப் பணிக்காகப் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

1987 நவம்பர் 25. தேடுதல் வேட்டை முடித்து இரவில் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணியை விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் போய்ப் பின்பக்கத்திலிருந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவர் மார்பில் சுட்டுவிட்டார். அதே ஆளிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டு வீழ்த்திவிட்டு, உயிர் போகும் வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். விருதுக் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நான் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டேன்.

அப்பா அதை விளக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள், அதாவது சந்துகள், எப்படி இருக்கும் என்று சொன்னார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிடுகு (பின்னிய தென்னங்கீற்று) வேலி, வேலிக்குப் பின்னால் வாழை, கிணறு, வீடு. "ராத்திரியில அங்க சுட்டா எந்தப் பக்கத்துல இருந்து சுடுறாங்கன்னே தெரியாதும்மா. படுத்துக்கிட்டு சுடத்தான் உடம்பு சொல்லும். எழுந்து, இருட்டுல, பசங்களையும் கூட்டிட்டு சுத்திப் போகணும்னா, அந்தப் பசங்க இவரை எவ்வளவு நம்பியிருக்கணும்!" என்றார். பரமேஸ்வரனின் துணிச்சலைவிட அவர் ஆட்கள் பின்னாலேயே போனதுதான் அப்பாவுக்குப் பெரிதாகப் பட்டது. பதினைந்து வருஷம் ஒரே ரெஜிமென்ட்டில் சிப்பாய்களோடு சாப்பிட்டுத் தூங்கி நடந்த அதிகாரிக்குத்தான் அது கிடைக்கும் என்றார்.

இதில் எனக்கு ஒரு தயக்கமும் இருந்தது, மறைக்கப்போவதில்லை. அந்தப் போரில் எதிரே நின்றவர்களும் தமிழர்கள். நடுவில் அகப்பட்டுச் செத்த யாழ்ப்பாணத்து மக்களும் தமிழர்கள். அமைதிப்படையிலும் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். இங்கே சிலைக்கு முன் கைகூப்பும்போது அந்த வீடுகளை மறந்துவிட முடியுமா? அப்பாவிடமே கேட்டேன். "ஒரு வீட்டுல தண்ணி கேட்டேன். தமிழ்ல கேட்டதும் அந்த அம்மா சொம்பு கொண்டாந்து வச்சாங்க. என் முகத்தைப் பாக்கல. அப்படியே உள்ள போயிட்டாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொன்னதே அவர் வாழ்க்கையில் முதல் தடவை. பரமேஸ்வரன் சிலை முன்னால்தான் அது வெளியே வந்தது என்பதற்காகவே இந்த இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திறந்தவெளி, வெயில் காலத்தில் பெரியவர்களை மதியத்தில் கூட்டிப் போகாதீர்கள். நடை அதிகம், நல்ல செருப்பு வேண்டும். தண்ணீர், தொப்பி மறக்காதீர்கள். வீரதா சக்கரத்தில் நிழல் உண்டு, நடுவில் அங்கே உட்கார்ந்து எழலாம். கங்காசாகர் சிற்பத்தின் முன் சற்று நில்லுங்கள், 1971-இல் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா உயிர் கொடுத்த சண்டை அது. மாலையில் இறந்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கும், அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நாங்கள் போன அன்று வந்தது வயதான ஒரு தம்பதி. அப்பா கடைசி வரை அட்டென்ஷனில் நின்றார்.

நண்பரின் கல்லைப் போட்டோ எடுத்து வந்து, பக்கத்து ஊரில் இருக்கும் அவர் மனைவியிடம் காட்டினோம். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கைக்கு எட்டுற உயரத்துலதான் இருக்கா?" என்று கேட்டார். எட்டும் என்றேன். நவம்பருக்கு மூன்று பேருக்கும் ரயில் டிக்கெட் போட்டாயிற்று.