எலியா, கினி பன்றியா: குட்டி போடுவதில் யார் வழி நல்ல வழி?

இரண்டுமே கொறிக்கும் விலங்குகள்தான், ஆனால் குட்டி போடும் விஷயத்தில் நேர் எதிர். எலி அவசர அவசரமாகப் பெற்றுப்போட்டுவிட்டு வெளியே வைத்து வளர்க்கும். கினி பன்றியோ வயிற்றிலேயே முக்கால்வாசி வளர்த்துவிட்டுத்தான் பெறும்.

எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஒரு ஈற்றுக்கு எட்டு, பத்து குட்டி சாதாரணம். ஒவ்வொன்றும் ஐந்தாறு கிராம். முடி கிடையாது, கண்ணும் காதும் மூடியிருக்கும், குடித்த பால் வயிற்றுத் தோல் வழியாக வெள்ளையாகத் தெரியும். கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். அசரவைப்பது என்னவென்றால், குட்டி போட்ட ஒரு நாளுக்குள் தாய் மறுபடி இணை சேரத் தயார்; ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும், பால் குடிக்கும் வாய்கள் அதிகமாக இருந்தால் உள்ளே இருக்கும் கரு கருப்பையில் ஒட்டாமல் சில நாள் காத்துக்கொண்டிருக்கும். குட்டிகளும் ஐந்தாறு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அப்புறம் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கினி பன்றி 59 முதல் 72 நாள் சுமக்கும். இரண்டு முதல் நான்கு குட்டி, ஒவ்வொன்றும் நூறு கிராம் வரை. முழு முடி, திறந்த கண், பால்பல்லைக்கூட வயிற்றுக்குள்ளேயே உதிர்த்துவிட்டு நிரந்தரப் பல்லோடு வரும். பிறந்த அன்றே ஓடும், ஓரிரு நாளில் புல்லைக் கொறிக்கும். அதனால் தாய்க்கு இரண்டே காம்பு போதும். ஆனால் இவ்வளவு பெரிய குட்டி வெளியே வர இடுப்பெலும்பின் இணைப்பு விரிந்து கொடுக்க வேண்டும். முதல் ஈற்று ஆறேழு மாத வயதுக்குள் நடக்காவிட்டால் அது இறுகிப்போய், பிற்பாடு பிரசவம் தாயின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

உடம்பு அளவுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சுண்டெலி அளவே இருக்கும் வௌவால்களில் பல இனங்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடுகின்றன. குட்டியை எங்கே போடுகிறது என்பதைப் பாருங்கள். எலிக்கு வளை உண்டு, கண் தெரியாத குட்டியை ஒளித்து வைக்கலாம். கினி பன்றியின் தென் அமெரிக்கக் காட்டுச் சொந்தங்கள் வளை தோண்டுவதில்லை, புல்வெளியில் திரிபவை, அங்கே ஓடத் தெரியாத குட்டி பிழைக்காது. ஐரோப்பாவில் வளை தோண்டும் குழிமுயலுக்கு 30 நாள், மொட்டை வெளியில் ஈனும் காட்டு முயலுக்கு 42 நாள் என்பதும் இதே கதைதான்.

யார் வழி நல்ல வழி? தீனி கொட்டிக் கிடந்தால் எலிதான், சந்தேகமே இல்லை. மிசோரமில் சுமார் 48 வருஷத்துக்கு ஒருமுறை மூங்கில் ஒரே சமயத்தில் பூத்து விதை கொட்டும்போது எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் நெல் வயலில் இறங்கும். 1959-இல் அப்படி வந்த பஞ்சத்தில் கிளம்பிய கோபம் 1966-இல் ஆயுதக் கிளர்ச்சி வரை போனது; 2007 வாக்கில் மூங்கில் மறுபடி பூத்து எலிகள் திரும்ப வந்தன. கினி பன்றியால் இப்படி ஒரு ஊரைக் காலி செய்ய முடியாது.

ஆனால் வீட்டில் ஜோடியாக வளர்ப்பவர்கள் ரொம்பவும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கினி பன்றியும் ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேரும், ஆகவே ஆணை அதற்கு முன்பே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள், மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளையும்.