சோனோகிராஃபி படித்து முடித்தாயிற்று: எந்தப் பதிவுத் தேர்வை எழுதுவது?

நம் ஊரில் ஸ்கேன் அறையில் மருத்துவரே உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் படம் எடுப்பவர் சோனோகிராஃபர். அறிக்கை எழுதுபவர்தான் மருத்துவர். ஓரிகன், நியூ மெக்சிகோ போன்ற வெகு சில மாநிலங்களே சோனோகிராஃபருக்கு உரிமம் கேட்கின்றன. ஆனால் பதிவுச் சான்றிதழ் இல்லாதவரைப் பெரும்பாலான மருத்துவமனைகள் எடுப்பதில்லை. அதைத் தருபவை முக்கியமாக மூன்று அமைப்புகள்: ஏஆர்டிஎம்எஸ் (ARDMS), ஏஆர்ஆர்டி (ARRT), சிசிஐ (CCI).

என் முதல் தேர்வு ஏஆர்டிஎம்எஸ். 1975-இல் தொடங்கிய இந்த அமைப்பில் இரண்டு தேர்வுகள் உண்டு: எஸ்பிஐ எனப்படும் இயற்பியல் தேர்வு, பிறகு வயிறு, மகப்பேறு, இதயம், ரத்தநாளம் என ஏதாவதொரு சிறப்புத் துறை. இரண்டையும் ஐந்தாண்டுக்குள் தேறவேண்டும். மாணவர்கள் நடுங்குவது எஸ்பிஐக்குத்தான். ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் அலையின் உச்சி வெட்டுப்பட்டு அடிக்கோட்டின் மறுபக்கம் தோன்றினால் எந்தக் குமிழைத் திருப்புவீர்கள்? கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தை, குறைத்துப் பயனில்லை. ஸ்கேலை, அதாவது காட்டப்படும் வேகத்தின் வரம்பை, உயர்த்தவேண்டும், அல்லது அடிக்கோட்டை நகர்த்தவேண்டும். காரணம் புரிந்தவருக்கு இது நொடியில் வரும். மனப்பாடம் செய்தவர் திணறுவார். இயற்பியல் பாடம் முடிந்தவுடன், பட்டம் வாங்கும் முன்பே எஸ்பிஐயை எழுத வழி இருக்கிறது. தள்ளிப்போடவே கூடாது; வேலைக்குப் போனபின் அந்தச் சூத்திரங்களைத் திரும்பப் படிப்பது பெரும்பாடு.

ஏஆர்ஆர்டியில் இயற்பியலும் துறைப் பாடமும் ஒரே தேர்வில் அடங்கிவிடும். ஏற்கெனவே எக்ஸ்ரே பிரிவில் அதன் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் செய்துகாட்டிய பரிசோதனைகளைப் பதிவு செய்து தரவேண்டும். தொடர்கல்வியும் சற்றுக் கூடுதல்: இரண்டாண்டுக்கு 24 புள்ளிகள். ஏஆர்டிஎம்எஸ் கேட்பது மூன்றாண்டுக்கு 30.

சிசிஐ இதயத்துக்கும் ரத்தநாளத்துக்கும் மட்டும். எக்கோ எனும் இதய ஸ்கேன் ஆய்வகத்திலேயே காலம் தள்ள முடிவெடுத்தவர் அதன் ஆர்சிஎஸ் எனும் இதயத் துறைத் தேர்வைத் தயங்காமல் எழுதலாம். தனி இயற்பியல் தேர்வு கிடையாது. நாளை கல்லீரலோ கருவோ ஸ்கேன் செய்ய ஆசைப்பட்டால் அந்தக் கதவு அங்கே இல்லை. 22 வயதில் அப்படியொரு முடிவெடுக்க நான் யாரையும் தூண்டமாட்டேன்.

கட்டணம் கட்டும் முன், குடியேறப்போகும் ஊரின் வேலை விளம்பரங்களில் எந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.