பேசாதவர்களின் முகம்: 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களோடு 20 வருடங்களுக்கு மேல்

எல்ராண்டின் சபையில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்க யார் எடுத்துப்போவது என்று சண்டை. அந்தக் கூச்சலுக்குள் ஃப்ரோடோ எழுந்து, நான் கொண்டுபோகிறேன் என்கிறான். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொல்கிறான். அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மந்திரவாதி கேண்டால்ஃப், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறார். எது நடக்கக்கூடாது என்று நினைத்தாரோ அது நடந்துவிட்டது. எது நடந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியுமோ, அதுவும் அதேதான். இரண்டும் அந்த ஒரு கண் மூடலில் இருக்கிறது.

முதல் ஐந்தாறு தடவை பார்த்தபோது நான் இதைக் கவனிக்கவே இல்லை. பேசுகிறவனைத்தானே பார்ப்போம், ஃப்ரோடோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2001 டிசம்பரில் முதல் படம் வந்தபோது தியேட்டரில் பார்த்தேன். அடுத்தடுத்த டிசம்பர்களில் மற்ற இரண்டும். அப்புறம் டிவிடி, ப்ளூரே, இப்போது 4கே. பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை மூன்றையும் முழுதாகப் பார்த்துவிடுவேன். இத்தனை வருடத்தில் போர்க்காட்சிகள் எனக்குப் பழகிவிட்டன, மலைகள் பழகிவிட்டன. இன்னும் பழகாதது ஒன்றுதான்: இந்த நடிகர்கள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கும் விதம். இந்தப் படங்கள் இன்னும் பழசாகாமல் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்று படங்களையும் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் ஒரே மூச்சில் எடுத்தார். 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பரில்தான் முதன்மைப் படப்பிடிப்பு முடிந்தது, 274 நாட்கள். விட்டுப்போன காட்சிகளைப் பின்னால் வந்து எடுத்தார்கள் என்றாலும், கதையின் உடம்பு அந்த ஒரே நீண்ட காலத்தில் உருவானது. முடிவில், மோதிரத்தோடு போகும் கூட்டணியின் ஒன்பது பேராக நடித்தவர்களில் எட்டுப் பேர் ஒரே மாதிரி பச்சை குத்திக்கொண்டார்கள். 'ஒன்பது' என்ற சொல், மூலப் புத்தகத்தை எழுதிய டோல்கீன் உருவாக்கிய எல்ஃப் எழுத்தில். கிம்லியாக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸ் மட்டும் தனக்குப் பதிலாகத் தன் ஸ்டன்ட் டபுளை அனுப்பினார். அந்த நெருக்கத்தை நடித்துக் கொண்டுவர முடியாது. மூன்றாம் படத்தில் அவர்கள் முகத்தில் இருக்கும் களைப்பும் அப்படித்தான்.

கரத்ரஸ் மலைப் பனியில் ஒரு சின்னக் காட்சி. ஃப்ரோடோ சறுக்கி விழுகிறான், சங்கிலியோடு மோதிரம் பனியில் விழுகிறது, போரோமிர் அதை எடுத்துக் கண்ணெதிரே தூக்கிப் பிடிக்கிறான். ஷான் பீனின் முகம் மெல்ல வேறு ஆளுடையதாக மாறுகிறது. அரகார்ன் பெயர் சொல்லி அழைக்க, சட்டென்று தன்னிலைக்கு வந்து, மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, சின்னப் பையனிடம் செய்வதுபோல் ஃப்ரோடோவின் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போகிறான். அப்போது அரகார்னின் கையைப் பாருங்கள். அது வாளின் பிடியில் இருக்கிறது. போரோமிர் விலகிய பிறகுதான் விடுகிறது. வசனம் எதுவும் கிடையாது. படத்தின் கடைசியில் வரும் துரோகம், அதன் பின்னான மன்னிப்பு எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கை.

விகோ மோர்டென்சன் அரகார்ன் பாத்திரத்துக்கு முதலில் தேர்வானவர் இல்லை. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, வேறொரு நடிகருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தார். புத்தகத்தைப் படித்திருந்த மகன் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார். வந்து சேர்ந்தவர் வாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டாம் படத்தில், ஹாபிட்கள் (ஃப்ரோடோவின் சின்ன உருவ இனத்தார்) செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு ஹெல்மெட்டை உதைத்துவிட்டு மண்டியிட்டு அலறுவாரே, அப்போது நிஜமாகவே கால்விரல் இரண்டு முறிந்தது. ரசிகர்கள் ஆயிரம் தடவை சொன்ன கதை இது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது போரோமிரின் சாவில் அவர் செய்வது. அம்புகள் தைத்துக் கிடக்கும் ஷான் பீன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறார். மோர்டென்சன் அந்த ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொள்கிறார். சாகிறவன் கடைசியாக அவனைத் தன் அரசன் என்று ஒப்புக்கொள்ளும்போது, அந்தப் பட்டத்தின் பாரம் அரகார்ன் தோளில் ஏறுவது தெரிகிறது. முடிசூட்டு விழா மூன்றாம் படத்தில்தான் வருகிறது. எனக்கு அவன் அரசனானது இங்கேதான்.

ஷான் பீன் பற்றி ஒன்று. அவருக்கு ஹெலிகாப்டர் என்றால் பயம். மலைக்காட்சிகளுக்கு மற்றவர்கள் பறந்து போக, அவர் போரோமிரின் முழு உடையோடு நடந்தே ஏறினார். ஒரே ஒரு படத்தில்தான் முழுதாக இருக்கிறார். ஆனாலும் மற்ற இரண்டு படங்களிலும் அவர் இல்லாத குறை தெரிந்துகொண்டே இருக்கிறது.

மோரியா சுரங்கத்தைவிட்டு வெளியே வரும் காட்சியைப் பல வருடம் நான் சாதாரணமாகத்தான் கடந்திருக்கிறேன். கேண்டால்ஃப் விழுந்துவிட்டார், எல்லோரும் பாறைமேல் வந்து விழுந்து அழுகிறார்கள். பின்னணியில் ஒற்றைக் குரல் பாடுகிறது, மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. என் அப்பா இறந்த வருடம் இதை மறுபடி பார்த்தபோதுதான் லெகோலஸின் முகம் தெரிந்தது. ஆர்லாண்டோ ப்ளூம் அழவில்லை. என்ன நடந்தது என்று விளங்காதவன்போல் நிற்கிறார். சாவே இல்லாத எல்ஃப் இனம், நெருங்கியவர் ஒருவர் இல்லாமல் போவதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. அந்த வாரம் எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். கிம்லியைக் கட்டிப்பிடித்து அடக்கும் போரோமிர், பிப்பினைத் தேற்றும் மெரி, எல்லோரையும் எழுப்பி நடக்கவைக்க வேண்டிய அரகார்ன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யார் யார் எப்படி ஆவார்களோ அத்தனை பேரும் அந்தப் பாறையில் இருக்கிறார்கள்.

தியோடன் அரசராக வந்த பெர்னார்ட் ஹில் 2024 மே மாதம் மறைந்தார். அவர் மகனின் சமாதிக்கு முன்னால் நிற்கும் காட்சியில், பெற்றவர்கள் பிள்ளையைப் புதைக்கும்படி ஆகக்கூடாது என்று உடைந்து அழுவார். அந்த வரி புத்தகத்தில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் தன்னிடம் சொன்னதை மனதில் வைத்து ஹில்தான் அதைச் சேர்க்கச் சொன்னார். பெலனோர் போருக்கு முன்னால் குதிரையில் ஓடிக்கொண்டே வீரர்களின் ஈட்டிகளில் தன் வாளைத் தட்டிக்கொண்டு போவாரே, அதுவும் அவர் யோசனைதான். அந்த வீரர்களில் பலர் தங்கள் சொந்தக் குதிரைகளோடு வந்த உள்ளூர்க்காரர்கள். ஒட்டுத்தாடி வைத்த பெண்கள் அதில் நிறைய. தியோடனின் தங்கை மகள் எயோவின் ஆண் வேடத்தில் போருக்குப் போகும் கதைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. இப்போதெல்லாம் அந்த வரிசையில் எந்தத் தாடிக்குப் பின்னால் பெண் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டே பார்க்கிறேன்.

சரி, கேட்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காத ஒருவரும் இதில் உண்டு. கோண்டோரின் காப்பாளர் டெனதோர், சொந்த மகனும் போரோமிரின் தம்பியுமான ஃபராமிரைச் சாகத்தான் அனுப்புகிறோம் என்று தெரிந்தே போருக்கு அனுப்பிவிட்டு, சாப்பிட உட்காருகிறார். பிப்பினைப் பாடச் சொல்கிறார். பில்லி பாய்ட் பாடுகிறார். மெட்டு அவரே போட்டது, சொற்கள் டோல்கீனின் ஒரு நடைப்பாட்டிலிருந்து எடுத்தவை. அங்கே குதிரைகள் அம்புகளை நோக்கி ஓடுகின்றன. இங்கே ஜான் நோபல் தக்காளியைக் கடிக்க, சிவப்புச் சாறு தாடையில் வழிகிறது. பாட்டு அவர் காதில் ஏறவே இல்லை. பிப்பின் கண்ணில் நீர் இறங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டாமல் ஒரு படையே அழிந்ததைச் சொல்லிவிட்டார்கள். மூன்று படங்களிலும் எனக்குப் பிடித்த ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இவர்கள் கேட்பதை நான் இவ்வளவு மெச்சுவதற்கு இன்னொரு காரணம், பல காட்சிகளில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை என்பது. தொடக்கத்தில் கேண்டால்ஃப் வண்டியில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாகத் தெரியும் ஃப்ரோடோ, அதாவது எலைஜா வுட், உண்மையில் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கேமராவுக்குத் தூரமாக இருப்பவர் சின்னவராகத் தெரியும் பழைய உத்திதான். ஃப்ரோடோவின் பேக் எண்ட் வீட்டில் மேசையும் அப்படியே: ஒரு பாதி அருகே, ஒரு பாதி தள்ளி, கேமரா நகர நகர ஒரு பகுதியும் சேர்ந்து நகரும். நடிகர்கள் எதிரே இல்லாத முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பேச வேண்டும். கேண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லனின் பார்வையில் அந்தக் கணக்கு ஓரிடத்திலும் துருத்தவில்லை. அதே வீட்டில் அவர் விட்டத்தில் தலையை இடித்துக்கொள்வது தற்செயல்; நிறுத்தாமல் நடித்தார், அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

மோதிரத்துக்கு அடிமையான கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். திரையில் தெரியும் உடம்பு கணினியில் வரைந்தது. ஆனால் ஃப்ரோடோவின் தோழன் சாமாக நடித்த ஷான் ஆஸ்டின் உருண்டு புரண்டு சண்டை போட்டது காற்றோடு இல்லை, செர்கிஸோடு. அந்தக் குரல் பூனை முடியுண்டையைக் கக்கும் சத்தத்திலிருந்து அவர் பிடித்தது. ஒரே ஆளின் இரண்டு பாதிகளான ஸ்மீகலும் கோல்லமும் தனக்குள்ளேயே வாதாடும் காட்சி 2002இல் வந்தது, இன்றைக்கும் பிசிறில்லாமல் நிற்கிறது. அதில்கூட ஒரு பாதி பேசும்போது மறு பாதி கேட்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

எல்லாமே அப்படித் தாக்குப்பிடித்தன என்று சொல்லமாட்டேன். பச்சையாக மிதந்து வரும் பிணப்படை பெரிய திரையில் இப்போது இளைத்துத் தெரிகிறது. மினியேச்சராகக் கட்டிய நகரங்களும் கோட்டைகளும் கொஞ்சமும் குறையவில்லை. கிம்லியைச் சிரிப்புக்கென்றே ஆக்கியது எனக்கு இன்னும் மனத்தாங்கல். மோரியாவில் உறவினர் சமாதிமேல் விழுந்து அழும் ரைஸ்-டேவிஸ் எவ்வளவு பெரிய நடிகர் என்று தெரிந்த பிறகு அது கூடுதலாக உறுத்துகிறது. புத்தகத்தில் மோதிரத்தின் ஆசையைத் தாண்டி நிற்கும் ஃபராமிரை, படத்தில் தடுமாற வைத்தார்கள். டேவிட் வென்ஹாமின் கண்ணியம்தான் அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றியது. ஹாபிட்களின் ஊரான ஷயரைத் திரும்ப மீட்கும் பகுதி, புத்தகத்தில் இருப்பது, படத்தில் இல்லவே இல்லை. அது வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? தியேட்டர் பதிப்புகள் 178, 179, 201 நிமிடங்கள். நீட்டித்த பதிப்புகள், ரசிகர் பெயர்ப்பட்டியலைத் தள்ளிவிட்டால், 208, 223, 251. முதல்முறை பார்க்கிறவர் முதல் படத்தைத் தியேட்டர் பதிப்பிலேயே பார்க்கலாம், ஓட்டம் அருமை. இரண்டாவதற்கு நீட்டித்ததுதான் வேண்டும்: போரோமிரும் ஃபராமிரும் அப்பாவும் வரும் பின்னோக்கிக் காட்சி அதில்தான் உண்டு, அது இல்லாமல் அந்தத் தக்காளிக் காட்சி பாதிதான் புரியும். மூன்றாவதில் தீய மந்திரவாதி சாருமனின் முடிவு நீட்டித்ததில் மட்டும். சாருமனாக நடித்த கிறிஸ்டோபர் லீதான் டோல்கீனை நேரில் சந்தித்திருந்த ஒரே நடிகர். வருடம் தவறாமல் அந்தப் புத்தகத்தைப் படித்தவர். அவர் வரும் பகுதியைத் தியேட்டர் பதிப்பிலிருந்து வெட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் அதே பதிப்பில், தூது வந்தவனின் தலையை அரகார்ன் வெட்டுவது அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. முதல் படத்தின் பழைய நீட்டித்த ப்ளூரேயில் பனிகூடப் பச்சை பூசினதுபோல் இருக்கும். 2020இல் வந்த 4கேயில் அது சரியாகிவிட்டது. ஒரே நாளில் மூன்றையும் பார்க்காதீர்கள். நீட்டித்தவை இரண்டிரண்டு டிஸ்க்காக வருகின்றன, ஓர் இரவுக்கு ஒன்று என்றால் ஆறு இரவு. முதல் டிஸ்க் எல்ராண்டின் சபையோடு முடியும் இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒலியை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹோவர்ட் ஷோரின் இசை ஒரு பக்கம் இருக்கட்டும். ஹெல்ம்ஸ் டீப் கோட்டை முன்னால் எதிரிப்படையான பத்தாயிரம் உருக்-ஹாய் எழுப்பும் ஓசை, வெலிங்டனில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் இடைவேளையில், ஜாக்சன் மைதானத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, பார்க்க வந்த கூட்டம் சேர்ந்து எழுப்பியது.

மூன்றாவது படம் 11 பிரிவுகளில் ஆஸ்கருக்குப் போய்ப் பதினொன்றையும் வென்றது. நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. முதல் படத்துக்காக மெக்கெல்லன் ஒருவருக்குத்தான் பரிந்துரை கிடைத்திருந்தது. அமெரிக்க நடிகர் சங்கம் மட்டும் மூன்றாவது படத்துக்காக மொத்தக் குழுவுக்கும் சேர்த்து விருது கொடுத்தது. இந்த நடிப்பில் ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்று சக நடிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசிப் படத்தில் நாலு ஹாபிட்களும் ஊர் திரும்பி அதே பழைய சத்திரத்தில் உட்காருகிறார்கள். சுற்றிலும் கூச்சல். இவர்கள் என்ன பார்த்துவிட்டு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. நாலு பேரும் பேசாமல் குடுவையைத் தூக்கிக் குடிக்கிறார்கள். ஷயரை மீட்கும் சண்டை வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றாததற்கு இந்த மௌனம்தான் காரணம். அப்புறம் சாம் ரோஸியைப் பார்க்கிறான். மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போகிறான். பல வருடமாக நான் ஷான் ஆஸ்டினின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். போன டிசம்பரில் மேசையிலேயே இருந்து, அவன் போவதைத் திரும்பிப் பார்க்கும் மற்ற மூன்று முகங்களையும் பார்த்தேன். வுட், மெரியாக வந்த மோனஹன், பாய்ட். அடுத்த முறை ஃப்ரோடோவை மட்டும் பார்க்க வேண்டும்.