பதினொரு மாதம் பயன்படுத்திய ஸ்பேசர்

ஆஸ்துமாவுக்கு அன்றாடம் இன்ஹேலர் எடுப்பவர்களில் பலர், இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் வெற்றுக் குழாயான ஸ்பேசர் என்றாலே அது குழந்தைகளுக்கான சாதனம் என்று எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இழுப்பு தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் மருத்துவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை எடுத்துச் சொல்லியும், உள்ளங்கைக்குள் அடங்கும் இன்ஹேலருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிக்கொள்வானேன் என்று தட்டிக்கழித்து வந்தேன். கடைசியில் நாக்கிலும் உள்கன்னத்திலும் படர்ந்த வெள்ளைப் படலமும், காலையில் எழுந்தால் மதியம் வரை கம்மியே கிடந்த குரலும் சேர்ந்துதான் என்னை வாங்க வைத்தன.

தடுப்பு மருந்தாக நான் எடுப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப். இதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது என்பதால், மாத்திரையாக நீண்ட நாள் விழுங்கும் ஸ்டீராய்டு தரும் எடை கூடுதல், எலும்புத் தேய்வு போன்ற தொல்லைகள் வழக்கமான அளவுகளில் மிகவும் குறைவு. ஆனால் மருந்து நேரடியாகப் படும் வாயும் தொண்டையும் அவ்வளவு எளிதில் தப்புவதில்லை. அங்கே படியும் ஸ்டீராய்டு அவ்விடத்து எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்துவதால், சாதாரணமாக வாயில் அடங்கி வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சை தலைதூக்கி வெள்ளைப் படலமாகப் பரவுகிறது. குரல் நாண்களில் படிவது குரலைக் கம்ம வைக்கிறது. எனக்கு இரண்டும் வந்தன. வாய் எரிச்சலுக்குப் பயந்து இரவு பஃபை விட்டேன், பிறகு காலையதையும் விட்டேன். தடுப்பு மருந்து குறையக் குறைய மூச்சுக்குழாய்களின் அழற்சி கூடியது. அதைச் சமாளிக்க உடனடி நிவாரணியான சால்பியூட்டமாலை நாளுக்கு மூன்று நான்கு முறை எடுத்தேன். அதனால் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பையும் இழுப்பின் பகுதியென்றே தவறாக எண்ணி இன்னொரு பஃப் எடுத்த நாள்களும் உண்டு. ஒரு வாய்ப்புண்ணில் தொடங்கிய கதை இது என்பது பின்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது.

ஸ்பேசரின் பயனைப் புரிந்துகொள்ள, அழுத்தி எடுக்கும் இன்ஹேலரின் இயல்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். குப்பியை அழுத்தியதும் உந்துவாயு மருந்தை மிகுந்த வேகத்தில் வெளியே தள்ளுகிறது. அந்த வேகத்தில் வரும் துளிகள் தொண்டையின் வளைவில் திரும்ப இயலாமல் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தும் கணமும் மூச்சு இழுக்கும் கணமும் சற்றே பிசகினாலும் நுரையீரலுக்குப் போய்ச் சேருவது இன்னும் குறைந்துவிடும். இடையில் ஒரு வெற்றுக் கூடு இருந்தால் துளிகளின் வேகம் தணிகிறது, உந்துவாயு ஆவியாகித் துளிகள் சிறுக்கின்றன, பெரிய துளிகள் கூட்டின் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. தொண்டையில் விழவேண்டியது பிளாஸ்டிக்கில் விழுகிறது. நுண்ணிய துளிகள் நம் மூச்சுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கின்றன. மின்சாரமோ பேட்டரியோ கேட்காத இந்த எளிய ஏற்பாட்டை இவ்வளவு காலம் அலட்சியம் செய்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நான் வாங்கியது ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் கொள்ளும் சிறிய வகை. உள்ளே தெரியும் உருளை, எந்த நிறுவனத்தின் இன்ஹேலரையும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பின்பகுதி, வாய்ப்பக்கத்தில் ஒரு திசையில் மட்டும் திறக்கும் மெல்லிய சிலிக்கான் வால்வு, அவசரப்பட்டு இழுத்தால் ஒலிக்கும் சிறு விசில் ஆகியவை இதன் பாகங்கள். ரப்பர் பகுதியின் பொருத்தம் மிக நன்று. பதினொரு மாதத்தில் ஒருமுறைகூட நெகிழவில்லை. வால்வு மூச்சோடு அசைவது கண்ணுக்குத் தெரிவதால், மருந்து உள்ளே போகிறதா என்ற ஐயம் எழுவதில்லை.

விசிலைப் பற்றி மட்டும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அது ஒலிக்கக் கூடாது என்ற செய்தியைத் துண்டுச்சீட்டின் மடிப்புக்குள், மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒலித்தால்தான் சரியாக இழுக்கிறோம் என்று நம்பி, முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பஃபுக்கும் ஊதல் எழுப்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு நான் பயன்படுத்தியது உலர்பொடி இன்ஹேலர் என்பதும் ஒரு காரணம். பொடியைக் கலைத்து உள்ளே கொண்டுசெல்ல அதில் பலமாக இழுக்க வேண்டும், இதிலோ மெதுவாக இழுக்க வேண்டும். பொடி வகைக்கு ஸ்பேசர் பொருந்தாது என்பதையும் வாங்க நினைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முறை பழகிவிட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இன்ஹேலரைக் குலுக்கிப் பொருத்தி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக்கமாக மூடி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, உடனே 3 முதல் 5 விநாடிகளுக்கு மெதுவாக இழுத்து, முடிந்தால் 10 விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாத அளவுக்குத் திணறல் இருந்தால் நான்கைந்து முறை இயல்பாக அதனுள்ளேயே மூச்சு விட்டு வாங்கலாம். இரண்டு பஃபையும் ஒன்றாக அடைத்துவிட்டு இழுத்தால் நேரம் மிச்சம் என்று நான் செய்துபார்த்ததுண்டு. அப்படிச் செய்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துச் சுவரில் படிந்து மருந்து வீணாகிறது என்று மருந்தாளுநர் கண்டித்தார். ஸ்பேசர் வந்துவிட்டது என்பதற்காக வாய் கொப்பளித்துத் துப்புவதையும் விட்டுவிடக் கூடாது.

என் பெரிய குறை சுத்தம் செய்வது பற்றியது. சாதாரண பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் சேர்ந்து மருந்துத் துளிகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே பாகங்களைப் பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் தானாகவே உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் அந்த உராய்விலேயே மின்னூட்டம் மீண்டும் ஏறிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தைப் போலப் பளபளவென்று துடைத்து வைத்த முதல் மாதம் முழுவதும் மருந்தில் ஒரு பங்கைச் சுவருக்கே கொடுத்திருக்கிறேன். வாயில் வைக்கும் பகுதியை மட்டும் அடுத்த முறை பயன்படுத்துவதற்கு முன் சோப்பு போகக் கழுவிவிடுவது நல்லது. உலர ஓர் இரவு தேவைப்படுவதால், இரவு மருந்தை எடுத்த பிறகே கழுவுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பலனைப் பொறுத்தவரை, மருத்துவர் கொடுத்த பூஞ்சை எதிர்ப்புச் சொட்டுமருந்தால் ஆறிய வெள்ளைப் படலம் அதன்பின் திரும்பவில்லை. குரல் அப்படி முழுவதும் மீளவில்லை. நுரையீரலுக்குப் போகும் மருந்து குரல் நாண்களைக் கடந்துதானே ஆக வேண்டும், அதை எந்தக் கூடும் தடுக்க முடியாது. முன்பு மதியம் வரை நீடித்த கம்மல் இப்போது காலையில் சிறிது நேரம் மட்டும் இருக்கிறது. கை நடுக்கத்துக்கும் இது நேரடி மருந்தன்று. சால்பியூட்டமால் இரத்தத்தில் கலப்பதால் வருவது அந்த நடுக்கம் என்பதால், ஸ்பேசர் வழியாக எடுத்தாலும் அது வரத்தான் செய்யும். தடுப்பு மருந்தை விடாமல் எடுக்கத் தொடங்கியபின் நிவாரணி தேவைப்படும் நாள்களே அரிதாகிவிட்டதால் நடுக்கமும் அரிதாகிவிட்டது. மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்க வீட்டிலுள்ள பீக் ஃப்ளோ மீட்டரில் என் சிறந்த அளவின் 80 விழுக்காட்டுக்குக் கீழே அடிக்கடி இறங்கிக்கொண்டிருந்த காலை அளவு, நான்காவது மாதத்திலிருந்து பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கிறது. இதில் ஸ்பேசருக்கு எவ்வளவு பங்கு, மருந்தை ஒழுங்காக எடுத்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. வாய் எரிச்சல் நின்றதால்தான் அந்த ஒழுங்கே வந்தது.

பையில் இடம் அடைக்கிறது என்பது உண்மை. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் எடுக்கக் கூச்சமாக இருந்ததும் உண்மை. ஆனால் மிதமான இழுப்பு வந்த ஓர் இரவில், மருத்துவர் எழுதித் தந்திருந்த திட்டப்படி நிவாரணியைப் பஃப் பஃபாக இதன் வழியே எடுத்தபோது மருந்தைப் பனிப்புகையாக்கி முகமூடி வழியே தரும் நெபுலைசர் இல்லாத குறையே தெரியவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்புகளில் ஸ்பேசரும் நெபுலைசருக்கு ஈடாகவே வேலை செய்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பேச்சு வராத அளவுக்குத் திணறினாலோ நிவாரணிக்குக் கட்டுப்படாவிட்டாலோ எந்தச் சாதனத்தையும் நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது.

சென்ற வாரம் வால்வின் ஓரம் லேசாகச் சுருண்டிருப்பதைப் பார்த்தேன். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மாற்றச் சொல்வார்கள் என்பதால் இதில் ஏமாற்றம் ஏதுமில்லை. அடுத்ததும் இதே அளவில்தான் வாங்கப்போகிறேன். ஆனால் நிலைமின்னூட்டம் சேராத வகையாகப் பார்த்து வாங்குவேன்.