பிஎஸ்4-ல் இருந்து பிஎஸ்5-க்கு: லேன் கேபிளா, பென்டிரைவா?

துபாயில் இருந்து மச்சான் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) கொண்டு வந்தாச்சு, பழைய பிஎஸ்4-ல் இருக்கிற சேவ், அதாவது கேமில் எதுவரை விளையாடினோம் என்ற பதிவு, எல்லாம் என்ன ஆகும்? கீழக்கரையில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

செலவு: இரண்டு பெட்டியையும் இணைக்கும் லேன் (நெட்வொர்க்) கேபிள் ஒன்று வாங்கினால் போதும். பென்டிரைவ் வீட்டிலேயே கிடக்கும், எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற வகையில் ஃபார்மேட் செய்தால் சரி.

எது போகும்: கேபிளில் கேம், சேவ் இரண்டும் போகும். பென்டிரைவில் சேவ் மட்டும்.

நேரம்: நூறு ஜிபி கேம்கள் இருந்தால் கேபிளில் மணிக்கணக்கு. சேவ் மட்டும் என்றால் பென்டிரைவில் டீ ஆறுவதற்குள் முடியும்.

கரண்ட்: இங்கேதான் விஷயம். கேபிள் வழியில் மாற்றும்போது இரண்டு பெட்டியும் அணையக்கூடாது. போன ஐப்பசியில் மழையோடு கரண்ட் போய், பாதியில் நின்ற வேலையை மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நான் பென்டிரைவைத்தான் சொல்வேன். உப்புக் காற்றில் பச்சை பூத்த யுஎஸ்பி முனையை மட்டும் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

இரண்டு பெட்டியிலும் அதே பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கில்தான் நுழைய வேண்டும். அப்புறம், பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலைத் தனியாகப் பென்டிரைவில் காப்பி எடுக்க முடியாது. அதற்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சந்தாவின் கிளவுட் (ஆன்லைன் சேமிப்பு)தான்.

பழைய பெட்டியை விற்கப் போகிறவர், நெட் மெதுவாக இருப்பவர்: கேபிள். ஒன்றிரண்டு கேமின் சேவ் மட்டும் வேண்டியவர்: பென்டிரைவ். எதுவானாலும், புதியதில் சேவ் திறக்கிறதா என்று பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள்.