குயில்ட்டுக்கு எந்த வேடிங்? பஞ்சு முதல் மூங்கில் வரை ஒரு மதிப்பீடு

துணித் துண்டுகளை இணைத்த மேல்துணி, மெத்தென்ற நடு அடுக்கு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அதைத் தைப்பவர்கள் மேல்துணிக்கு நிறம் பொருத்திப் பார்ப்பதிலேயே பாதிப் பொழுதைக் கழிப்பார்கள். நடு அடுக்காக வைக்கும் வேடிங்கை மட்டும் கைக்கு எட்டியதை எடுத்து வந்துவிடுவார்கள். போர்த்தினால் கனக்கிறதா, துவைத்தபின் சுருங்குகிறதா, சுவரில் நேராகத் தொங்குகிறதா, மடித்த கோடு மறையாமல் நிற்கிறதா என்று பிறகு எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது. மேல்துணியில் ஒரு துண்டு சரியில்லை என்றால் பிரித்து வேறு துண்டு வைக்கலாம். வேடிங் சரியில்லை என்று தைத்து முடித்தபின் தெரிந்தால், அத்தனை தையலையும் பிரித்தாக வேண்டும்.

உள்ளிருக்கும் பஞ்சுக்கு எவ்வளவு வேலை உண்டு என்பதற்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள டிரிஸ்டன் குயில்ட் நல்ல சான்று. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்தது. அதில் பல நிறத் துணித் துண்டுகள் கிடையாது. லினன் துணிக்குள் பஞ்சை அடைத்து, சுற்றிலும் தையலால் அமுக்கி, உருவங்களை மேடாக எழுப்பியே டிரிஸ்டன் என்ற வீரனின் கதைக் காட்சிகளைக் காட்டியிருக்கிறார்கள்.

வேடிங் வாங்கும்போது உறையில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: தையல் வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம், தடிமன் எவ்வளவு, துவைத்தால் எவ்வளவு சுருங்கும். "மென்மையானது", "இயற்கையானது" என்பதெல்லாம் விளம்பரம். இந்த மூன்றும் இல்லாமல் சும்மா சுருட்டி விற்கும் வேடிங்கைப் பெரிய குயில்ட்டுக்கு வாங்க வேண்டாம்.

மூன்றிலும் முக்கியமானது இடைவெளி. ஊசியால் குத்தி இறுக்காத பழைய காலப் பஞ்சு, துவைத்தால் நகர்ந்து கட்டி கட்டும். பழைய குயில்ட்டுகளில் அங்குலத்துக்கு ஒரு வரி என்று நெருக்கித் தைத்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல, பஞ்சைப் பிடித்து நிறுத்தவும்தான். இன்றைய வேடிங்கில் முள் ஊசிகளால் ஆயிரக்கணக்கில் குத்தி இழைகளைப் பின்னிவிடுகிறார்கள். சிலவற்றில் ஸ்க்ரிம் என்ற மெல்லிய செயற்கை இழை வலையும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டதில் 8 முதல் 10 அங்குலம் வரை இடைவெளி விடலாம். வலை இல்லாததில் பெரும்பாலும் 3, 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உறையில் 4 என்று போட்டிருக்க, 8 அங்குலக் கட்டங்களின் ஓரத்தில் மட்டும் தைத்தால் சில துவைப்புகளிலேயே கட்டத்தின் நடு வெறுமையாகி, ஓரங்களில் பஞ்சு திரளும்.

இனி வகைகள்.

முழுப் பருத்தி வேடிங் தட்டையானது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். துணியோடு ஒட்டி நிற்பதால் மெஷினில் தைக்கும்போது வழுக்காது. புதிதாகப் பழகுபவர்களுக்கு இது பெரிய உதவி. முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 90 அங்குலக் குயில்ட்டில் 5 சதவீதம் என்றால் நாலரை அங்குலம் போய்விடும். அந்தச் சுருக்கத்தில்தான் பழைய போர்வை போன்ற நெளிவு வருகிறது. பலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் வேறு வகை பார்க்கலாம். உறை அனுமதித்தால் மட்டும் வேடிங்கை முன்கூட்டியே வெந்நீரில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து உலர்த்தலாம். பழுப்பு நிறத்தில் வரும் வெளுக்காத பருத்தியில் விதைத் தோலின் கரும்புள்ளிகள் இருக்கும். வெள்ளை மேல்துணிக்கு அடியில் அவை நிழலாகத் தெரியும். அதற்கு வெளுத்த பருத்தியே ஏற்றது. வலை சேர்ந்த பருத்தியில் பரவலாகக் கிடைப்பது வார்ம் அண்ட் நேச்சுரல். 10 அங்குல இடைவெளி தாங்கும், விறைப்பாக நிற்கும், சுவர்க் குயில்ட்டுக்கு அருமை. ஆனால் கையால் தைக்க அதை எடுக்காதீர்கள். ஒவ்வொரு குத்திலும் வலை ஊசியைத் தடுக்கும். அரை மணி நேரத்தில் விரல் வலி சொல்லிவிடும்.

80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர் கலந்தது எங்கள் கணக்கில் முதல் இடத்துக்கு உரியது. பருத்தியைவிட எடை குறைவு, கொஞ்சம் உப்பல் அதிகம், மடித்த கோடு சீக்கிரம் மறையும், மெஷினுக்கும் கைக்கும் பொருந்தும். ஹாப்ஸ் நிறுவனத்தின் ஹேர்லூம் 80/20 இந்த வகையில் பலர் எடுப்பது. அதற்குரிய இடைவெளி 4 அங்குலம் என்பதை மறக்காமல் தையல் வரைபடத்தை அமைக்க வேண்டும். கட்டிலுக்கான முதல் குயில்ட்டுக்கு எதை வாங்குவது என்று குழம்பினால் 80/20 வாங்குங்கள்.

கம்பளி வேடிங் கைத்தையல்காரர்களின் செல்லம். ஊசி தடையில்லாமல் இறங்கும், அங்குலத்துக்கு 8 தையல் என்ற நேர்த்தியை எட்டுவது இதில்தான் சுலபம். அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும். அதனால் தைத்த இடம் பள்ளமாகவும் தைக்காத இடம் மேடாகவும் நின்று தையலின் வடிவம் எடுப்பாகத் தெரியும். மடித்து வைத்த கோடும் தங்குவதில்லை. குறைகளும் உண்டு: பூச்சி அரிக்கலாம், வெந்நீரும் வேகமான சுழற்சியும் சேர்ந்தால் இறுகிப் போகலாம், சிலருக்கு ஒவ்வாமை. தினமும் புரட்டிப் போட்டு வாரம் ஒருமுறை துவைக்கும் போர்வைக்குள் கம்பளி வைப்பது வீண் செலவு.

பாலியஸ்டர் பற்றிப் புகழ அதிகம் இல்லை. எடை குறைவு, அநேகமாகச் சுருங்காது, விரைவில் உலரும். அரை அங்குலத்துக்கு மேல் உப்பலாக வருவது, தைக்காமல் 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டும் தடித்த போர்வைக்குப் பொருத்தம். அதே தடிமனை வீட்டு மெஷினின் கழுத்துக்குள், அதாவது ஊசிக்குப் பக்கத்து இடைவெளிக்குள், சுருட்டித் தள்ளுவது வீண் பாடு. காற்றோட்டம் குறைவு என்பதால் உள்ளே வியர்க்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் ஒரே தேய்ப்பில் நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். தீப்பிடித்தால் உருகி ஒட்டும். குழந்தைகளுக்கு என்றால் பருத்தியே போதும். அதையும் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை தூங்கும்போது மேலே போடக் கூடாது. தரையில் விரித்து விளையாட விடலாம்.

மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ், பருத்தியோடு சரிபாதி கலந்தது. தொட்டால் பட்டுப்போல் வழியும், உடம்போடு படியும். அதற்கு மேல் சொல்லப்படும் மகிமைகளை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இஸ்திரி போட்டால் ஒட்டும் வேடிங், தலையணை உறை அளவிலான சிறு சுவர் வேலைக்குச் சௌகரியம். பெரியதில் மூன்று அடுக்கையும் குமிழி இல்லாமல் ஒட்டுவது கடினம். கைத்தையலில் பசை ஊசியில் ஏறிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் பெரிய துணியில் கைவைக்கும் முன் 12 அங்குலச் சதுரத்தில் ஒரு மாதிரி செய்யுங்கள். அதே மேல்துணி, அதே அடித்துணி, அதே நூல். தைத்தபின் அளந்து, துவைத்து, உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். 12 அங்குலம் பதினொன்றரை ஆனால் சுருக்கம் ஏறக்குறைய 4 சதவீதம். அதே மாதிரியில் நூலின் இழுவிசையும் தெரியும்: மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூலைத் தளர்த்துங்கள்.

அடுக்கும்போது நிகழும் தவறுகளில் முதலாவது, உறையிலிருந்து எடுத்த கையோடு வேடிங்கை விரிப்பது. ஒரு நாள் விரித்துப் போட்டால் மடிப்புகள் தாமாகத் தளரும். இரண்டாவது, மடிப்புகள் போக வேண்டும் என்று அதை இழுத்துப் பிடிப்பது. இழுத்த வேடிங் தைத்தபின் பழைய அளவுக்குத் திரும்பும், மேல்துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இறுக்கமாக விரித்து, ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்ட வேண்டியது அடித்துணியை மட்டும்தான். அதன்மேல் வேடிங்கையும் மேல்துணியையும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிப் படிய வையுங்கள். அடித்துணியும் வேடிங்கும் நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். வளைந்த ஊக்குகளை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு ஒன்று குத்தினால் போதும். கைத்தையலுக்கு ஊக்கைவிடக் கச்சாத் தையல், அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல், நல்லது. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டும்போது இடிக்காது.

ஊசி குத்திய வேடிங்குக்கு மேல், கீழ் உண்டு. உற்று நோக்கினால் ஒரு பக்கம் சிறு குழிகள் தெரியும், மறுபக்கம் இழைகள் கொஞ்சம் துருத்தி நிற்கும். குழி உள்ள பக்கம் மேல்துணியைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது நம் ஊசியும் ஆலை ஊசி போன திசையிலேயே போகும், இழை வெளியே வருவது குறையும்.

மெஷினில் தைக்க, மேல்துணியையும் அடித்துணியையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி, 90/14 அளவு ஊசியும் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தையல் நீளமும் வையுங்கள். சாதாரண ஃபுட்டில் அடித்துணியை மெஷினின் அடியிலுள்ள பல் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். வரி முடியும் இடத்தில் மடிப்பு விழும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவதும் அதே காரணத்துக்காகத்தான்.

கறுப்பு, கருநீலத் துணியில் வெள்ளை இழை முளைப்பது அடிக்கடி வரும் புகார். மழுங்கிய ஊசி, நெசவு தளர்ந்த துணி, மலிவான பாலியஸ்டர், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். வெளியே வந்த இழையை இழுக்காதீர்கள், பின்னாலேயே அடுத்தது வரும். ஊசி முனையால் உள்ளே தள்ளுங்கள், அல்லது துணியை ஒட்டி வெட்டுங்கள். கருந்துணிக் குயில்ட்டுக்குக் கறுப்பு நிற வேடிங்கே கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை கண்ணில் படாது.

சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால் பருத்தியும் வலையும் சேர்ந்த வேடிங் நேராகத் தொங்கும், உப்பல் பாலியஸ்டர் கீழ்ப்பக்கம் தொய்ந்து வயிறு தள்ளும். பின்பக்க மேலோரத்தில் 4 அங்குல அகலத் துணிக்குழல் தைத்துக் கம்பை நுழைப்பதுதான் சரியான வழி. குழலைத் தட்டையாகத் தைக்காமல் கம்பின் பருமனுக்குத் தகுந்தபடி அரை அங்குலம் தளர்வு விடுங்கள். இல்லாவிட்டால் கம்பு முன்பக்கம் மேடாகப் புடைக்கும். தையல் அடித்துணியையும் வேடிங்கையும் மட்டும் பிடிக்கட்டும், மேல்துணியில் தெரியக் கூடாது. குண்டூசியிலும் கிளிப்பிலும் மாட்டினால் மொத்த எடையும் அந்த ஓரிரு புள்ளிகளில் இறங்கி மேலோரம் பல்லாகிவிடும். நேர் வெயிலில் எந்தச் சாயமும் நிலைக்காது. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தை வரம்பாக வைக்கின்றன. வீட்டில் அந்த இருட்டு சாத்தியமில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி ஓய்வு கொடுக்கலாம்.

துவைப்பதில் பருத்தி வேடிங் ஒரு கண்ணியை ஒளித்து வைத்திருக்கிறது. ஈரத்தில் அதன் எடை பலமடங்கு ஏறும். அப்படியே ஒற்றைக் கொடியில் போட்டால் தொங்கும் பாரம் கைத்தையல் நூலை அறுத்துவிடும். குளிர்ந்த நீர், மென்மையான சுழற்சி, பிறகு தட்டையாக விரிப்பு. இடமில்லை என்றால் இணையான மூன்று நான்கு கொடிகளில் பரப்பிப் போடுங்கள். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய பருத்தித் தலையணை உறை போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேறு கோட்டில் மடிக்க வேண்டும். பருத்தி வேடிங்குக்கு இது கட்டாயம், கம்பளிக்கு நல்லது.

மிஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து, மெஷினின் அகலமான ஜிக்ஜாக்கில் தைத்து இணைக்கலாம். ஏற்றித் தைத்தால் அந்த இடம் வரப்பாகத் தெரியும். நேர்க்கோடாக வெட்டாமல் அலையாக வெட்டி இணைத்தால் மடிப்பு அந்தக் கோட்டில் விழாது. ஒரே வகை, ஒரே தடிமன் உள்ள துண்டுகளை மட்டும் சேருங்கள். பருத்தியோடு பாலியஸ்டரைச் சேர்த்தால் முதல் துவைப்பில் ஒரு பாதி சுருங்கும், மறுபாதி சுருங்காது.