ஓசு! ஆட எந்த கீபோர்டு: மெம்பிரேனா, மெக்கானிக்கலா, ஹால் எஃபெக்ட்டா?

ஓசு! என்பது இசையின் தாளத்துக்கு ஏற்பக் கீ தட்டும் கணினி விளையாட்டு. 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 தாளம்) வேகத்தில் ஸ்ட்ரீம் வந்தால், அதாவது தாளத்துக்கு நான்கு வீதம் நோட்டுகள் இடைவிடாமல் வந்தால், நொடிக்கு 12 நோட். இரண்டு விரல் மாறி மாறித் தட்டினால் ஒரு விரலுக்கு 6, அதாவது 167 மில்லிசெகண்டுக்கு ஒரு தட்டு. அந்த 167 மில்லிசெகண்டுக்குள் கீ கீழே போய்ப் பதிவாக வேண்டும், பிறகு மேலே வந்து, விட்டதும் பதிவாக வேண்டும். விளம்பரங்கள் முதல் பாதியைப் பற்றித்தான் பேசும். ஸ்ட்ரீமில் காலை வாருவது பெரும்பாலும் இரண்டாம் பாதி. விரல் போதிய உயரம் எழும்புவதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டால், கம்ப்யூட்டருக்கு அது ஒரே நீண்ட அழுத்தம்தான்.

முதலில் 8000 ஹெர்ட்ஸ் மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். கீபோர்டின் நிலையைக் கம்ப்யூட்டர் நொடிக்கு எத்தனை முறை கேட்கிறது என்பதுதான் போலிங். 125 ஹெர்ட்ஸ் போலிங் என்றால் தாமதம் 0 முதல் 8 மில்லிசெகண்டு வரை ஏறி இறங்கும். சராசரியான 4 மில்லிசெகண்டை ஆட்டத்தின் ஆஃப்செட் என்ற நேரத் திருத்த அமைப்பில் சரிக்கட்டிவிடலாம். மிஞ்சுவது ஏற்ற இறக்கம். அதன் திட்ட விலக்கம் சுமார் 2.3 மில்லிசெகண்டு. ஓசு! காட்டும் அன்ஸ்டேபிள் ரேட் என்பது உங்கள் தட்டுகளின் திட்ட விலக்கத்தைப் பத்தால் பெருக்கியது. 100 எடுப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் சேர்ந்தால் 103-ஐக்கூடத் தொடாது. 1000 ஹெர்ட்ஸ் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரியாது.

கீகளுக்கு அடியில் ரப்பர் இருக்கும் மெம்பிரேனை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. இசட், எக்ஸ் என இரண்டே கீ போதும் என்கிற ஓசு! ஸ்டாண்டர்டு ஆட்ட வகையில் அது தாக்குப்பிடிக்கும். ரப்பர் கெட்டியாக இருந்தால் நீண்ட ஸ்ட்ரீமில் விரல் சோர்ந்துவிடும், அவ்வளவுதான். பல கீகளை ஒன்றாக அமுக்கி ஆடும் மேனியா வகையில்தான் சிக்கல். கீகளின் அடியில் டயோடு இல்லாத சுற்றில், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் கீகளை அமுக்கினால் நான்காவதும் அமுங்கியதுபோலத் தெரியும். அதைத் தவிர்க்க கீபோர்டின் உள்மென்பொருளான ஃபார்ம்வேர் மூன்றாவது கீயையே விழுங்கிவிடும். வாங்கும் முன் நோட்பேடைத் திறந்து டி, எஃப், ஜே, கே நான்கையும் ஒன்றாக அமுக்கிப் பாருங்கள். 7 கீ ஆடுபவர்கள் எஸ், எல், ஸ்பேஸ்பாரையும் சேர்த்துச் சோதியுங்கள். ஓர் எழுத்து குறைந்தாலும் அந்த கீபோர்டு மேனியாவுக்கு ஆகாது.

ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் இருக்கும் மெக்கானிக்கலில் "ஸ்பீடு" என்ற பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்ச் 2.0 மி.மீ. அமுங்கியதும் பதிவாகும், மொத்தப் பயணம் 4.0. ஸ்பீடு சில்வர் 1.2-லேயே பதிவாகும், மொத்தம் 3.4. அடிவரை அமுக்கும் விரல் (ஸ்ட்ரீமில் எல்லா விரலும் அப்படித்தான்) திரும்ப எழ வேண்டிய தூரத்தைக் கணக்குப் போடுங்கள்: ரெட்டுக்கு சுமார் 2.0 மி.மீ., சில்வருக்கு 2.2. சீக்கிரம் பதிவாகிறது, தாமதமாக விடுகிறது. எம்எக்ஸ் ப்ளூ சுவிட்ச்சில் விடும் புள்ளி பதிவாகும் புள்ளிக்கும் மேலே இருப்பதால் இன்னும் மோசம், அதை ஓசு! பக்கமே கொண்டு வராதீர்கள். ரெட் வைத்திருப்பவர்கள் கீகேப்புக்குள் 0.4 மி.மீ. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் அடித்தளம் மேலே வரும், திரும்பும் தூரம் 1.6-க்கு இறங்கும். இவ்வளவு மலிவான முன்னேற்றம் வேறு இல்லை.

மெக்கானிக்கலின் இன்னொரு தொல்லை, ஒரு தட்டுக்கு இரண்டு பதிவாவது. உலோகத் தொடுமுனை தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ துள்ளும். பல கீபோர்டுகளில் வரும் க்யூஎம்கே ஃபார்ம்வேரில் டிபவுன்ஸ் (துள்ளலைக் கண்டுகொள்ளாத நேரம்) இயல்பாக 5 மில்லிசெகண்டுதான் இருக்கும். அதை 10, 15 என்று ஏற்றிப் பாருங்கள். அடங்கவில்லையா? பற்றவைக்காமலே சுவிட்ச் மாற்ற முடிகிற ஹாட்ஸ்வாப் போர்டு என்றால் அந்த ஒரு சுவிட்ச்சைப் பிடுங்கி, அதிகம் புழங்காத கீயின் சுவிட்ச்சோடு இடம் மாற்றுங்கள். ஒளியால் அழுத்தத்தை உணரும் ஆப்டிகல் சுவிட்ச்சில் உலோகத் தொடுப்பே கிடையாது என்பதால் இந்த நோயும் இல்லை. ஆனால் பதிவாகும் புள்ளி நிலையானதாக இருந்தால், திரும்பும் தூரக் கணக்கு அதற்கும் அதேதான்.

ஹால் எஃபெக்ட் இந்தக் கணக்கையே மாற்றுகிறது. சுவிட்ச்சில் காந்தம், பலகையில் சென்சார். கீ எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். டச்சு நிறுவனமான வூட்டிங்கின் 60எச்இ-யில் பதிவாகும் ஆழத்தை 0.1 முதல் 4.0 மி.மீ. வரை வைக்கலாம். அதைவிட முக்கியம் ரேபிட் ட்ரிகர்: விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும், குறித்த அளவு எழும்பிய உடனே விடப்பட்டதாகப் பதிவாகும். 2 மி.மீ. எழ வேண்டிய இடத்தில் 0.2 போதும்.

உடனே எல்லாவற்றையும் 0.1-இல் வைப்பதுதான் வழக்கமான தப்பு. சும்மா கீமேல் ஓய்வெடுக்கும் விரலின் நடுக்கமே தட்டாகிவிடும். பதிவாழம் 0.5, ரேபிட் ட்ரிகர் 0.3 எனத் தொடங்குங்கள். ஒரு வாரம் ஆடிவிட்டு 0.05 வீதம் குறையுங்கள். ரிசல்ட்டில் வேண்டாத இரட்டைத் தட்டு தலைகாட்டினால் ஒரு படி பின்வாங்குங்கள். மேனியாவில் நீண்ட நோட்டைப் பிடித்திருக்கும்போது அடுத்த விரலின் அசைவில் இந்த விரலும் லேசாக எழும், பிடி அறுந்துவிடும். அமுக்கும் உணர்திறனையும் விடும் உணர்திறனையும் தனித்தனியாக வைக்க முடிந்தால் விடுவதை மட்டும் 0.6 அளவுக்கு ஏற்றுங்கள். சுவிட்ச் மாற்றினால் மறக்காமல் மறுபடி கேலிப்ரேட் (சென்சார் அளவைச் சரிசெய்தல்) செய்யுங்கள். ஸ்னாப் டாப் வகை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்: இணைத்த இரண்டு கீகளில் இரண்டாவதை அமுக்கியதும் முதலாவதை விட்டுவிடும் என்பதால் ஒரே நேரத்தில் பல கீகளை அமுக்கும் கார்டு நோட்டெல்லாம் பாழாகும்.

ஸ்டாண்டர்டு மட்டும் ஆடுபவர், அதுவும் மவுஸுக்குப் பதில் பேனா டேப்லெட்டில் ஆடுபவர், முழு கீபோர்டே வாங்க வேண்டாம். மூன்று கீ ஹால் எஃபெக்ட் கீபேடு மேசையில் உள்ளங்கை அளவு இடம்தான் பிடிக்கும், ரேபிட் ட்ரிகரும் இருக்கும். 4 கீ மேனியா ஆடும் எண்ணம் இருந்தால் மட்டும் அது உதவாது. 180 பிபிஎம்மை இன்னும் எட்டாதவர்களுக்கு ரெட்டும் ஓ-ரிங்குமே தாராளம்.